நிற்கிற வண்டிதான் கெடும்

கேரவன் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஓடிக் கெட்ட கேரவனைவிட நின்று கெட்ட கேரவன்தான் அதிகம். இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு வண்டியை வெளியே எடுப்பார்கள். இலையுதிர் காலம் முடிவதற்குள் வீட்டு முற்றத்திலோ காவல் உள்ள தரிப்பிடத்திலோ கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுத்த வசந்தம்வரை மழையும் உறைபனியும்தான். வசந்தத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்கள், "போன வருஷம் நல்லாத்தானே ஓடினது" என்று சொல்லாமல் இருப்பதில்லை. ஓடியது உண்மை. பிறகு நின்ற ஐந்தாறு மாதத்தில்தான் சுவர் ஊறியிருக்கும், குழாய் வெடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை உரிமையாளரே தடுத்திருக்கலாம். சில சாதாரணக் கருவிகளும், கொஞ்சம் பொறுமையும், எதில் கை வைக்கக் கூடாது என்ற தெளிவும் இருந்தால் போதும்.

நான் வேலை செய்வது ஹல் நகரைச் சுற்றிய கிழக்கு யார்க்ஷயரில். பிரித்தானியாவில் கேரவன் செய்யும் தொழில் வேரூன்றிய பகுதி இது. ஸ்விஃப்ட் நிறுவனத்தின் ஆலை கொட்டிங்கமில் இருக்கிறது, கோச்மேன் ஆலை ஹல்லில் இருக்கிறது. இளவயதில் வவுனியாவில் ஒரு கராஜில் லொறிகளுக்குக் கீழே படுத்து வேலை பழகினேன். இங்கே வந்து ஒரு கேரவன் பட்டறையில் சேர்ந்தேன். இப்போது சொந்த வானில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பழுது பார்க்கிறேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசுப் பேருந்து நினைவுக்கு வரும். நான் சொல்வது எஞ்சின் இல்லாதது, காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

இந்த வண்டியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் சுவரைப் புரிந்துகொள்ள வேண்டும். 1885இல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், உல்லாசப் பயணத்துக்கென்றே பிரிஸ்டலில் ஒரு கேரவனைக் கட்டுவித்தார். 'வாண்டரர்' என்று பெயர். கெட்டி மரத்தால் ஆனது, இழுக்க இரண்டு குதிரை வேண்டியிருந்தது. அந்த எடையை இன்றைய குடும்பக் கார் இழுக்காது. அதனால் சுவரை மெலிதாக்கினார்கள். வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர் கிளாஸ், உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் வெள்ளைத் தெர்மோகோல். கிரீம் பிஸ்கட் போல மூன்றையும் ஒட்டியிருப்பார்கள். மொத்தக் கனம் ஓர் அங்குலம் அளவுதான். எடை குறைந்தது, குளிரும் தடுக்கப்பட்டது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. பழைய வண்டிகளில் நடுவே மரச்சட்டங்களும் இருக்கும். அவை ஊறி, கறுத்து, கடைசியில் விரலால் கிள்ளினால் கையோடு வரும். மரச்சட்டமே இல்லாமல் கட்டும் புதிய வண்டிகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனாலும் கண்ணாடி, விளக்கு, குழாய் என்று சுவரில் ஓட்டை போட்ட இடமெல்லாம் தண்ணீருக்கு வாசல்தான்.

ஓதம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. தொழிலில் நாங்கள் பார்க்கும் கணக்கு எளிது. 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை காட்டினால் சில மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். 20ஐத் தாண்டினால் கசிவைத் தேட வேண்டும். 30ஐத் தொட்டால் உள்ளே பிளைவுட் அழுகத் தொடங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இல்லாவிட்டாலும் கையும் மூக்கும் இருக்கின்றன. முன்பக்க, பின்பக்க மூலைகள், ஜன்னல்களின் கீழ் விளிம்பு, கூரை ஜன்னலைச் சுற்றி, சக்கர வளைவுக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளின் உள்பக்கம்: இந்த இடங்களைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை கொஞ்சம் அமுங்கினாலும், சுவர்த்தாளில் பழுப்புக் கறை தெரிந்தாலும், பூஞ்சை மணம் அடித்தாலும் அங்கே தண்ணீர் இருக்கிறது.

லீட்ஸ் பக்கம் ஒரு அக்கா கூப்பிட்டிருந்தார். குடும்பத்தோடு ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போய்வர வாங்கிய வண்டி.

"தம்பி, உள்ளுக்கு வந்தா ஒரு மணம். கார்பெட்டைக் கழுவியும் போகேல்லை."

"எப்ப தொடக்கம் அக்கா?"

"போன விண்டருக்குப் பிறகுதான். அங்க போய் நிண்டாலும் காலமையில ஜன்னலெல்லாம் தண்ணியா வடியுது. நான் உள்ளுக்கை புட்டு அவிக்கிறதாலயோ?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. ஜன்னலில் வடிந்த தண்ணீருக்குக் காரணம் புட்டு நீராவியும் இரவு முழுக்க நாலு பேர் விட்ட மூச்சும்தான். அது சுவருக்குள்ளிருந்து வரவில்லை. சமைக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்துவைத்து, காலையில் துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது. மணம் வேறு இடத்திலிருந்து வந்தது. மெத்தையைத் தூக்கி, பக்கச் சுவரோரமாக ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் மீட்டரை வைத்துக்கொண்டே போனேன். 11, 12, 12 என்று காட்டியது, முன் இடது மூலையில் 28க்குத் தாவியது. மேலே அண்ணாந்து பார்த்தேன். அந்த மூலைக்கு நேர் மேலே வெளியில் ஓடுவது ஆனிங் ரெயில்.

கூடாரத் துணியைச் சொருகுவதற்காகச் சுவரும் கூரையும் சேரும் விளிம்பு நெடுக ஓடும் அலுமினியப் பட்டைக்குத்தான் ஆனிங் ரெயில் என்று பெயர். அதைச் சில அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் சுவரில் ஒரு துளை. பட்டைக்கு அடியில் இருக்கும் மாஸ்டிக் என்ற பசைதான் அத்தனை துளைகளுக்கும் காவல். வருஷக் கணக்கில் வெயிலும் குளிரும் பட்டு அந்தப் பசை காய்ந்து வெடித்துவிடும். கேரவன் கசிவுகளில் நான் அதிகம் சந்திப்பது இந்த இடம்தான். பொறுமையுள்ள எவரும் ஒரு வார இறுதியில் செய்யக்கூடிய வேலையும் இதுதான்.

முதலில், ஸ்க்ரூக்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். எந்த ஸ்க்ரூவின் கழுத்தில் துரு இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அக்காவின் வண்டியில் மூலையை ஒட்டிய நாலு ஸ்க்ரூக்கள் துருவேறி இளைத்திருந்தன, ஐந்தாவது புதிதாக மின்னியது. ரெயிலை மெல்ல நெம்பி எடுத்ததும் பழைய மாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புத் தகடு பட்டால் பெயின்ட் போய்விடும். வைட் ஸ்பிரிட் நனைத்த துணியால் பிசுக்கு போகத் துடைத்து, உலரவிட்டு, சுவர் உள்ளே ஈரமாக இருந்தால் அதையும் நாள் கணக்கில் காயவிட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அழுகல் தொடரும். காய்ந்தபின் பியூட்டில் மாஸ்டிக் நாடாவை ரெயிலின் அடியில் இடைவெளி இல்லாமல் ஒட்டி, ரெயிலை அதன் இடத்தில் பொருத்தி, புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களைப் போடுங்கள். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் பாதி இறுக்கி, சற்றுப் பொறுத்து, மறுபடி முதலிலிருந்து முழுதாக இறுக்குங்கள். மாஸ்டிக் இருபக்கமும் பிதுங்கி வந்தால் வேலை சரி. பிதுங்கியதை மறுநாள் பிளாஸ்டிக் சுரண்டியால் நறுக்கிவிடலாம்.

செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் குளியலறை சிலிகோனை வாங்கி வந்து ரெயிலின் மேலே கோடு இழுப்பது. பல வகைச் சிலிகோன் காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும், அது அலுமினியத்தை அரிக்கும். வினிகர் மணம் வந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். அதைவிட மோசம், சிலிகோன் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. கசிவு மேலே மூடியதாகத் தெரியும், அடியில் வேறு வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டே இருக்கும். பிரஷர் வாஷரால் கழுவுவதும் இப்படித்தான், ரப்பர் விளிம்புகளைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். மென்மையான பிரஷ்ஷும் வாளித் தண்ணீரும் போதும். ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஸ்பிரிட், தின்னர் எதையும் அவற்றின் அருகே கொண்டுபோகாதீர்கள், நுண்ணிய வெடிப்பு விழும்.

அடுத்தது உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். குழாயோ, பம்ப்போ, வாட்டர் ஹீட்டரோ அதைத் தாங்காது. இலையுதிர் காலத்திலேயே தண்ணீரை வடித்துவிட வேண்டும். பலர் தொட்டியைக் காலி செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பம்ப்பை நிறுத்தி, ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவையுங்கள். கைப்பிடி ஒன்றே உள்ள குழாய் என்றால் அதைச் சூடு, குளிர் இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் இரண்டு குழாய்வழியும் வடியும். ஷவர் தலையைக் கழற்றி உதறி, அதன் குழாயைத் தரையோடு தொங்கவிடுங்கள். வசந்தத்தில் நான் மாற்றும் உடைந்த பொருள்களில் ஷவர் குழாய்கள்தான் அதிகம், காரணம் அவற்றின் வளைவில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர். வடிகட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஜாக்கி வீல் என்ற முன்பக்கச் சின்னச் சக்கரத்தை ஏற்றியும் இறக்கியும் வண்டியைச் சாய்த்தால் தேங்கிய தண்ணீரும் ஓடிவரும். சில ஹீட்டர்களில் 3 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்கியதும் தானாகத் திறக்கும் வால்வு உண்டு. அது ஹீட்டரை மட்டும்தான் காப்பாற்றும், குழாயையும் பம்ப்பையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே பல வாரம் கிடந்த ஈய-அமிலப் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறினாலும் நிற்காது. விளக்கெல்லாம் அணைந்திருந்தாலும் திருட்டு அலாரமும் டிராக்கரும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள், அல்லது கூரையில் சின்னச் சோலார் பலகை வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும். அப்படிப்பட்ட குளிரில் தானாகச் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டயரைப் பற்றி வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் எங்கள் ஆட்களும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: பூ தேயவே இல்லையே! கேரவன் டயர் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது. நகராமல் ஒரே இடத்தில் எடையைத் தாங்கி, வெயில் படும் பக்கம் ரப்பர் வெடிக்கும். டயரின் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுவது நல்லது, ஏழுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டக் கூடாது. நிறுத்தியிருக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்திவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் போல்ட் வரிசையில் இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

பல மாதம் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவைக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்து, பிரேக்கை விட்டுவிடுங்கள். போட்டே வைத்தால் பிரேக் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். நாலு மூலையிலும் இறக்கிவிடும் ஸ்டெடிகள் வண்டி ஆடாமல் தாங்கத்தான். அவற்றை ஜாக்காக வைத்து வண்டியைத் தூக்கினால் தரைப்பலகையே நெளிந்துவிடும். ஸ்டெடியின் திருகு மரைக்குக் கிரீஸ் போடலாம். ஆனால் உராய்வால் வேலை செய்யும் ஸ்டெபிலைசர் ஹிட்ச் இருந்தால் காரின் கொக்கி உருண்டையில் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது. அந்த ஹிட்ச்சின் பட்டைகள் உருண்டையைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டி பாம்பாக நெளியாமல் காக்கின்றன. புது உருண்டையில் இருக்கும் பெயின்டையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

உள்ளே செய்ய வேண்டியவை எளியவை. மெத்தைகளைச் சுவரிலிருந்து விலக்கி நிமிர்த்தி வையுங்கள். அலுமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். ஃபிரிட்ஜ் கதவைச் சற்றுத் திறந்த நிலையில் கொக்கி போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கேசட் கழிப்பறையின் தொட்டியை மூடும் தகட்டைத் திறந்தே விடுங்கள். மூடியிருந்தால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, வசந்தத்தில் இழுக்கும்போது கிழியும். ரப்பருக்குக் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் தடவலாம், வாசலின் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். வெளியே தார்ப்பாலின் போட்டு மூடாதீர்கள். ஈரம் அடியில் அடைபடும், காற்றில் அது அடித்து அக்ரிலிக் ஜன்னலைக் கீறும். காற்றுப் போகும் கேரவன் உறை வாங்க முடியாவிட்டால் திறந்தவெளியில் நிற்பதே மேல்.

வசந்தத்தில் மறுபடி புறப்படும்போது சாமான் ஏற்றுவதில் கவனம் வேண்டும். கனமானவை தரையோடு, அச்சுக்கு மேலே. கொக்கியில் இறங்கும் எடை, ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,400 கிலோ வண்டிக்கு 70 முதல் 98 கிலோ. காருக்கும் ஹிட்ச்சுக்கும் தனித்தனி எல்லை உண்டு, எது குறைவோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். அளவு பார்க்க ஹிட்ச்சுக்கு நேர் கீழே வீட்டு எடை மெஷினை வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, வண்டி மட்டமாக இருக்கும்படி ஜாக்கி வீலை மேலே ஏற்றினால் எடை தெரிந்துவிடும்.

இவ்வளவையும் உங்கள் கையால் செய்யச் சொல்கிற நான், கேஸில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன். சிலிண்டர் மாற்றலாம், இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம், ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியையும் வெடிப்பையும் கவனிக்கலாம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி அளவிலேயே ஆவியாக மறுக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர்காலப் பயணத்துக்கு எந்த சிலிண்டர் என்பதையும் இதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம். அதற்கு அப்பால் பர்னர், குழாய்வழி, ஃபிரிட்ஜின் கேஸ் பகுதி எதையும் திறக்காதீர்கள். நின்ற மாதங்களில் சிலந்தி பர்னருக்குள் கூடு கட்டும். மெல்லிய நூல்தான், ஆனால் காற்றும் கேஸும் கலக்கும் அளவு மாறிவிடும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மஞ்சள் சுடரைக் கண்டால் அணைத்துவிட்டுத் தகுதி பெற்றவரைக் கூப்பிடுங்கள். பிரேக்கைச் சரிசெய்யும் வேலைக்கும் 230 வோல்ட் வயரிங்குக்கும் இதே விதிதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தரையில் இருக்கும் கம்பி வலை போட்ட ஓட்டைகளை, குளிர் வருகிறதென்று கார்பெட்டாலோ டேப்பாலோ அடைக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், அது வெளியேற வைத்த வழி அந்த ஓட்டைகள்தான். குழந்தைகள் படுக்கும் வண்டியில் அவை அடைத்திருப்பதைப் பார்த்தால், வேறு எந்த வேலைக்காகப் போயிருந்தாலும் முதலில் அதைத் திறந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத கேரவனில் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள். அதன் பட்டனை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அழுத்திப் பாருங்கள்.

வருடாந்தர சர்வீஸையும் விட்டுவிடாதீர்கள். நீர்க்கசிவுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் பொதுவாக அந்த சர்வீஸ் முத்திரையோடு சேர்ந்தே நிற்கும். ஆனால் சர்வீஸ் செய்பவர் வருஷத்தில் ஒரு நாள்தான் வண்டியைப் பார்க்கிறார், மற்ற நாளெல்லாம் அது உங்கள் கண்ணெதிரே நிற்கிறது. அடுத்து நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். மெத்தையைத் தூக்கி, மூலைக்கு மூலை கைவைத்துப் பாருங்கள். எங்காவது ஈரம் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அது பரவியிருந்தால் வெளியே போய் அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.